திரையில் வந்த சம்மதம்

போன வாரம் நான் நீதிமன்றத்தில் இருந்தேன்... வெறுங்காலோடு! பக்கத்து வீட்டு ஹால்தான் நீதிமன்றம்.

மலேசியாவின் கோலா கெத்திலில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வசந்தியும் செல்வமும். கைக்குழந்தையாக வாங்கி வளர்த்த மீனாவைச் சட்டப்படி மகளாக்க வழக்குப் போட்டிருந்தார்கள். பெற்றவள் சாந்தி, தூரத்துச் சொந்தம். பண்டார் பாருவில் ஒரு கேண்டீனில் வேலை. அவள் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் அவள் வரவில்லை. வழக்கு தள்ளிக்கொண்டே போனது.

"அவ மனசு மாறிட்டாக்கா. புள்ளைய திருப்பிக் கேட்டுருவா" என்று வசந்தி என்னிடம் அழாத வாரமில்லை.

இந்தத் தடவை வீடியோ விசாரணை. எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. பில் கட்டப் போனாலே 'சிஸ்டம் டவுன்' என்கிறார்கள்... இதில் நீதி எங்கே வரப்போகிறது?

மைலோ டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தோம். வசந்தி பட்டுச்சேலையில். செல்வம் கல்யாணத்துக்குப் போகிற சட்டையில். நீதிபதி திரையில் வந்ததும் இருவரும் சட்டென்று எழுந்து கைகூப்பி நின்றார்கள். பாவம் நீதிபதி! அவருக்குத் தெரிந்தது இரண்டு வயிறுகள் மட்டும்தான்.

"டூடூக், டூடூக்" என்று சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார்.

"மெதுவாலா, போன் விழுந்துரும்!" என்று செல்வம் பதறினார்.

திரையின் மூலையில் சாந்தி. தலையில் சமையல்கட்டு வலை, பின்னால் சோற்றுப் பானை. சம்மதமா என்று நீதிபதி மலாயில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். வசந்தி என் கையை நசுக்கினாள்.

"சம்மதம் ஐயா. எப்பவோ சொல்லியிருப்பேன். பஸ்ஸு ஏறி வந்து போக ஒரு நாளு முழுக்க ஆயிரும். முதலாளி லீவு கொடுக்கல."

அவ்வளவுதான்! உத்தரவு கிடைத்துவிட்டது. வசந்தி வாய்விட்டு அழுதாள். நானும்தான். அப்பாடா... எத்தனை மாதப் பயம்!

வழக்கு இழுத்தால் சட்டத்தைத் திட்டுகிறோம். இழுத்தடித்தது ஒரு பஸ் பயணம் என்று யாருக்குத் தோன்றியது? அந்தப் பயணத்தை ஒரு கைப்பேசி மிச்சப்படுத்தியது. இனி தொழில்நுட்பத்தை நான் வையமாட்டேன். ஒரு வாரத்துக்காவது!

நீதிபதி போனார். மொழிபெயர்ப்பாளரும் போனார். சாந்தி மட்டும் திரையில் இருந்தாள். வசந்தி மீனாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சித்திக்கு டாட்டா சொல்லும்மா."

மீனா கையசைத்தாள். சாந்தியும் அசைத்தாள்.

விசாரணை நிமிடங்களில் முடிந்துவிட்டது. திரையை மூடத்தான் யாருக்கும் கை வரவில்லை.