ஓராள் சோறு

மந்தின் ஊரில் நடத்திவந்த சாப்பாட்டுக் கடையைக் கைமாற்றிவிட்டு அம்பாங்கானில் இருக்கும் வீட்டோடு வந்து உட்கார்ந்தபோது, கடையிலிருந்து என்னோடு வந்தது என் கை மட்டும்தான். அரிசிக்குள் விட்டால் அது ஒரு பந்திக்கு அள்ளும். மனைவி மவுத்தாகிவிட்டாள், மகள் கணவனோடு மெல்பர்னில். தின்ன நான் ஒருத்தன். ஆனாலும் தினமும் அரைச் சட்டி சோறு மிஞ்சும். சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வராது. வீட்டுப் பின்சந்தில், சாக்கடை ஓரமாகக் காக்கைகளுக்குப் போட்டுவிடுவேன்.

முதலில் நாலைந்து வந்தன. பிறகு சந்து முனையில் இருந்த அங்சானா மரமே கறுத்துப்போனது. எனக்கு அது பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பகல் தொழுகை முடித்துப் பின்கதவைத் திறந்தால் ஒரு கூட்டம் எனக்காகக் காத்திருக்கும். "சோத்துக்கு என்ன ஊத்தணும், மீனாணமா, பருப்பாணமா?" என்று கடையில் கேட்பதுபோலவே கேட்பேன். பல நாள் நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்துக்குத்தான் தலைவலி. காக்கைகள் குப்பைப் பைகளைக் கிழித்தன, எலும்பைக் கொண்டுபோய்க் கார்மேல் போட்டன, கொடியில் காயும் துணியில் எச்சமிட்டன. மரத்தில் குஞ்சு பொரித்த பிறகு, அந்த வழியாக நடப்பவர் தலையில் பாய்ந்து கொத்தவும் ஆரம்பித்தன. பக்கத்து வீட்டில் ஒரு பெண் தன் சின்ன மகளோடு தனியாக இருக்கிறாள். அந்தப் பிள்ளையின் தலையிலும் ஒரு கொத்து விழுந்தது. அன்று மாலை அவள் என் கேட்டருகே வந்து நின்றாள்.

"கோவிச்சிக்காதீங்க அங்கிள். முனிசிபல் மஜ்லிஸ்ல சொல்லி ஆள வரவச்சு சுடணும்னு தாமான் வீட்டுக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல எல்லாரும் பேசிக்கிறாங்க. கூட்டுல குஞ்சு இருக்குலா, பாவம். நீங்க சோறு போடறத நிறுத்துனா அதுங்களா போயிரும். நான்தான் கொஞ்ச நாள் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நானா பிள்ளைய கொத்தச் சொன்னேன்?" என்று எரிந்து விழுந்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். கொத்து வாங்கியது அவள் பிள்ளை; காக்கைகளுக்காகப் பேசியதும் அவள்தான். உள்ளே வந்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

சோறு போடாமல் இருக்க வேண்டுமென்றால் சோறு மிஞ்சக் கூடாது. மறுநாள் கையை நம்பாமல் பால் டின்னால் அளந்தேன். ஒரு டின் போட்டேன், மிஞ்சியது. முக்கால் போட்டேன், அதுவும் மிஞ்சியது. மகள் குழந்தையாக இருந்தபோது என் மனைவி கஞ்சி காய்ச்சிய சின்னச் சட்டியைத் தேடி எடுத்து, அதில் அரை டின் வடித்தேன். காக்கை ஒன்று சன்னல் கம்பியில் உட்கார்ந்து அந்தச் சட்டியையே பார்த்தது. "கடை அடைச்சாச்சு, போ" என்றேன். அது போகவில்லை. நான் திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

அன்றைக்குச் சோறு சரியாக இருந்தது. ஒரு பருக்கை மிஞ்சவில்லை. ஓர் ஆளின் சோறு இவ்வளவுதானா என்று காலிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது.

குஞ்சுகள் பறந்தன. ஒவ்வொன்றாகக் காக்கைகளும் பாசார் மீன்கடைகள் பக்கம் போய்விட்டன. துப்பாக்கியோடு யாரும் வரவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்துக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால், பக்கத்து வீட்டுப் பெண் மகளைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். "தேங்க்ஸ் அங்கிள். இப்ப இவ பயமில்லாம வெளியில வெளாடறா" என்றாள். மனைவி போனதிலிருந்து என் வீட்டுப் படியேறி வந்தவர் வேறு யாருமில்லை.

"வாங்க வாங்க, உட்காருங்க, சாப்பிடலாம்" என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. பிள்ளை உடனே செருப்பைக் கழற்றினாள். அப்போதுதான், நான் சாப்பிட்டு முடித்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது நினைவுக்கு வந்தது. பசியோடு வந்த யாரையும் நான் வெறும் வயிற்றோடு அனுப்பியதே இல்லை.

"சோறு... இல்லம்மா. தேத்தண்ணி கலக்கட்டுமா?"

"பரவால்ல அங்கிள், வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிப் பிள்ளைக்குச் செருப்பை மாட்டிவிட்டாள்.

அவர்கள் கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்கள். நான் போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தேன். சந்தில் ஒரு காக்கைகூட இல்லை.