எங்கள் வம்சத்துக்கு ஏறாது

ஒரு நாள் காலையில் தறியில் உட்கார்ந்ததும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. முடிச்சுப் போடப் போனேன். விரல் நடுங்கியது. பேசிக்கொண்டே செய்கிற வேலை, அன்று மூன்று முறை தவறியது. ஒரு கட்டிங் சரக்கு உள்ளே போனதும் நடுக்கம் நின்றது. மருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அவ்வளவு அறிவாளி நான்.

பிறகு ஓர் ஆடி மாதம் வீம்புக்கு இரண்டு நாள் குடிக்காமல் இருந்தேன். குழித்தறியிலேயே வலிப்பு வந்து விழுந்தேன். (வருடக்கணக்காகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆகலாம். நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள், டாக்டரிடம் போய் நிறுத்துங்கள்.)

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், குடும்பத்தில் வேறு யாராவது குடிப்பார்களா என்று.

"எங்க வூட்ல யாரும் தொடமாட்டாங்கமா. இவங்கப்பா மஞ்சக்காமாலையில போயிட்டாரு" என்றாள் அம்மா.

இருபத்து நான்கு வருடமாகச் சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் குடித்துச் செத்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோருக்கும் காமாலைதான்.

நான் உண்மையைச் சொன்னேன். தாத்தா, அப்பா, சித்தப்பா, நான். "ஆனா எங்க வம்சத்துக்கு சரக்கு ஏறாதுமா. அப்பா எவ்ளோ குடிச்சாலும் நேரா நடந்துக்கினு வருவாரு" என்றேன். அதில் எனக்குப் பெருமை.

"அதுதாங்க ஆபத்து. மத்தவங்களுக்கு ரெண்டாவது கிளாஸ்லயே உடம்பு போதும்னு சொல்லிடும். உங்களுக்குச் சொல்லாது. அதனால குடிச்சுக்கிட்டே போவீங்க."

மரபணு (பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடம்பின் குறிப்பு) பற்றிச் சொன்னார். ஒன்றல்ல, பல சேர்ந்து இப்படிச் செய்யுமாம்.

"அப்போ என் தலையெழுத்தா?"

"இல்லீங்க. சர்க்கரை வியாதி மாதிரி, வர்ற வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான். முதல் கிளாஸே தொடலைன்னா இந்த வியாதி எங்கிருந்து வரும்?"

எனக்கு முதல் கிளாஸ் கொடுத்தது சித்தப்பா. அப்பாவின் முதல் திவசம், எனக்குப் பதினேழு வயது. செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். கறிக்குழம்பு, வடை, பீடி, ஒரு குவார்ட்டர். கற்பூரம் காட்டியதும் அந்தக் குவார்ட்டரை ஆண்கள் பிரசாதம் போலப் பங்கிடுவார்கள். அப்பாவைக் கொன்றதையே அப்பாவுக்குப் படைத்தோம், யாருக்கும் உறைக்கவில்லை.

"அப்பனுக்குப் படைச்சதுடா, வேணான்னு சொல்லக்கூடாது" என்று சித்தப்பா டம்ளரை நீட்டினார். குடித்தேன். ஏறவில்லை. சிங்கக்குட்டி என்று முதுகில் தட்டினார்.

வார்டில் உடம்பெல்லாம் வியர்த்து, தூக்கமில்லாமல் கிடந்தபோது அந்தத் தட்டல்தான் நினைவில் இருந்தது. சித்தப்பாவை மன்னித்தால் மனசு லேசாகும் என்றார் கவுன்சிலிங் கொடுத்தவர். எனக்கு லேசாக வேண்டாம். அடுத்த திவசத்துக்கு அவர் முகத்துக்கு நேரே நான் உயிரோடு, குடிக்காமல் நிற்க வேண்டும். அந்த ஆசையில்தான் மாத்திரை விழுங்கினேன். உங்களுக்கு நல்ல காரணம் கிடைக்காவிட்டால் கெட்ட காரணமும் உதவும்.

எட்டு மாதம் கழித்துத் திவசம் வந்தது. சித்தப்பாவின் மகள் முழுகாமல் இருந்தாள், சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். சித்தப்பா குவார்ட்டரைப் படையலில் வைத்தார். நான் எடுத்துப்போய் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

"எங்கப்பா காமாலையில சாகல. குடிச்சே செத்தாரு. அவரு எடுத்த ரத்த வாந்தியக் கழுவினவன் நான். இது எங்க வம்சத்துல வர்றது, சித்தப்பாவுக்கும் இருக்குது. நாளைக்கு உங்களுக்குப் பேரன் பொறந்தா, இவரு கையால ஒரு டம்ளரும் வாங்க வுடாதீங்க" என்றேன், சம்பந்தியைப் பார்த்து.

சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது.

"சபையில மானத்த வாங்கிட்டியேடா."

"ஆமா சித்தப்பா. அதுக்குத்தான் இத்தினி நாள் உசுரோட இருந்தேன்."

பாவமாக இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இன்றும் இல்லை.

எல்லோரும் போனபின் அப்பா படத்துக்கு முன்னால் நின்றேன். அதே மூக்கு, அதே தோள். அவர் நாற்பதில் போனார், எனக்கு நாற்பத்தொன்று நடக்கிறது. இந்த உடம்பை அவர்தான் கொடுத்தார், ஆனால் இந்த வயதில் இது எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. இனி வருகிற ஒவ்வொரு நாளும் அவருக்குக் கிடைக்காதது.

"இனிமே நீ எனக்குத் தம்பிப்பா" என்றேன். "அண்ணன் சொல்றேன். இந்த வூட்ல உனக்கு குவார்ட்டர் கிடையாது."