பிளக்ஸில் என் பெயர்

படம் திருடுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. ஏரலில் இருந்து வந்து தூத்துக்குடியில் ஸ்டூடியோ போட்ட நாள் முதலாக என் படங்களை ஊரே எடுத்தாண்டது. தேர்த் திருவிழாவில் கூட்டத்தில் இடிபட்டு மிதிபட்டு நான் எடுத்த படம், ஒரு நகைக்கடையின் காலண்டரில் வந்து தொங்கியது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். வாட்ஸ்அப்பில் வந்ததுதானே தம்பி, அதற்குப் போய் இப்படிக் குதிக்கிறீர்களே என்றார். வாட்ஸ்அப் என்ன கடலா, வலை வைத்திருக்கிறவன் எல்லாம் அள்ளிக்கொண்டு போக என்று கத்திவிட்டு வந்தேன்.

அன்றைக்கே வெள்ளைத் தாளில் தடித்த மார்க்கரால் என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். படங்களைத் திருத்தி வெளியே எடுக்கும்போது ஒவ்வொன்றின் மேலும் அந்தக் கையெழுத்து தானாகவே விழும்படி மென்பொருளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் போதும், நாம் மறந்தாலும் அது மறக்காது. முதலில் கீழ் மூலையில் வைத்தேன். மூலையை வெட்டிவிட்டுப் போட்டார்கள். எனக்கு வெறி வந்துவிட்டது. கையெழுத்தைப் பெரிதாக்கி, நடுவுக்கு ஏற்றி, ஆளின் நெஞ்சுக்கு நேர் கீழே வெள்ளை எழுத்தில் விழும்படி வைத்தேன். கல்யாண வீட்டுக்காரர்கள் முனகினார்கள். ஆல்பத்தில் வராது, போனுக்கு அனுப்புகிற படங்களில் மட்டும்தான் வரும் என்று சமாதானம் சொன்னேன்.

கடற்கரையை ஒட்டி இரண்டு தெருக்கள். வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் கல்யாணம், கோயிலில் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை, சாமியார் புதுப் படகு மந்திரிப்பது என்று எல்லாவற்றுக்கும் நான்தான் போவேன். அவர்களுக்குள் வலையை அறுத்த தகராறு ஒன்று வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் மீன் ஏலக்கூடத்தில் வைத்து வடக்குத் தெருக்காரர் ஒருவரைத் தெற்குத் தெருக்காரர்கள் வெட்டினார்கள். தடுத்த கையில் ஒரு வெட்டு, கழுத்தில் ஒரு வெட்டு. ஐஸ் உடைக்கிற இடத்தில் போய் விழுந்தார். உடைத்த ஐஸ் எல்லாம் சிவந்து கிடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் இருந்து உடம்பு வருவதற்கு முன்னால் பிளக்ஸ் வந்துவிடும். அவர் தம்பி கல்யாணத்தில் நான் எடுத்து அனுப்பிய படத்தை அவர்கள் போனில் இருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பிளக்ஸ் கடைக்காரன் அதை அப்படியே ஆள் உயரத்துக்கு இழுத்துவிட்டான். ‘உன் ரத்தம் வீண் போகாது’ என்ற வரியை அவர் நெஞ்சின் மேல் அடித்தான். அதற்கு நேர் கீழே, கை நீளத்துக்கு, என் கையெழுத்து. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் அவர் கூட்டாளிகளின் பெயர்கள் வரிசையாக. பிளக்ஸில் அடியில் பெயர் இருக்கிறவன் செத்தவனின் ஆள், எழுத்து பெரிதாக இருந்தால் நெருங்கிய ஆள். இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த இடத்தில் இருப்பது படம் எடுத்தவன் பெயர் என்று யாருக்குத் தோன்றும்? ரத்தத்துக்கு ரத்தம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் ஆகிவிட்டேன் நான்.

எனக்கு இது எதுவும் தெரியாது. மறுநாள் மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் தெற்குத் தெருப் பையன், எனக்குத் தெரிந்த முகம்தான்.

“ஏலே, பிளக்ஸ்ல பெருசாக் கெடக்கது ஒன் பேரா?”

பிளக்ஸுக்கும் என் படத்தைச் சுட்டுவிட்டார்களா என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. “ஆமா, எம் பேருதான். அதுக்கென்ன இப்பம்?” என்றேன், எழுந்துகூட நிற்காமல்.

பக்கத்தில் நின்ற என் கேமரா டிரைபாடையே தூக்கி அடித்தான். முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்க வலது கையைத் தூக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் வலிக்கு முன்னால் வந்தது. கீழே விழுந்த என் கையைச் செருப்புக் காலால் மிதித்து, ஆட்காட்டி விரலைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்தான். ‘கையெழுத்துப் போட்ட கை’ என்று சொல்லிக்கொண்டே ஒடித்தான். மற்ற இரண்டு பேரும் கண்ணாடியையும் கம்ப்யூட்டர் திரையையும் நொறுக்கினார்கள். அந்த விரலால்தான் இருபது வருடமாக கேமரா பொத்தானை அமுக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அது இப்போதும் மடங்காது.

ஆஸ்பத்திரிக்கு வடக்குத் தெருக்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். நீ எங்களுக்காக அடிபட்டவன், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அதில் பெரியவர் என் தலையைத் தடவினார். நான் யாருக்காகவும் அடிபடவில்லை, முதலில் அந்த பிளக்ஸைக் கழற்றுங்கள் என்று கட்டோடு எழுந்து கத்தினேன். பயந்திருக்கான் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். போலீஸும் வந்து, எனக்கும் செத்தவருக்கும் என்ன உறவு என்றுதான் முதலில் கேட்டது. மென்பொருள் தானாகப் போடுவது என்று விளக்கினேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தத் தெருவுக்கும் நான் ஆள் இல்லை என்பதை அன்றைக்கு எவனும் நம்பவில்லை.

கட்டுப் பிரிப்பதற்குள் என்னை அடித்த பையனை வடக்குத் தெருக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். வேம்பார் போகிற சாலையில், உப்பளத்துப் பாத்திக்குள் துரத்தித் துரத்தி வெட்டியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் காயத்தோடு வெகுநேரம் கிடந்து துடித்திருக்கிறான். செய்தி வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, நன்றாக வேண்டும் என்றே நினைத்தேன். அன்றைக்கு மனைவி பரிமாறிய சோற்றை இடது கையால் கரண்டி பிடித்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அவன் அம்மா கடைக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அவன் போனைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது, பிளக்ஸுக்கு வைக்க வீட்டில் ஒரு படம் இல்லை, அவன் தங்கச்சி கல்யாணத்தில் நான் எடுத்ததில் ஒன்று வேண்டும் என்றாள். போ என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏனோ சொல்லவில்லை. புதுத் திரையில் அந்தக் கல்யாணத்தைத் திறந்து இடது கையால் தேடினேன். பேண்டு வாசிக்கிறவர்களுக்கு முன்னால், வேர்த்து விறுவிறுத்து, சட்டை நனைந்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றான். வெளியே எடுத்ததும் வழக்கம்போல் என் கையெழுத்து அவன் நெஞ்சுக்குக் கீழே வந்து விழுந்தது.

அதை நீக்கித் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

“வேண்டாம் தம்பி. ஒம் பேரு இருக்கட்டும்.”

“இது எங்கன மாட்டப் போறியன்னு தெரியும்லா? பாக்கவன் என்ன நெனைப்பான்? ஒங்க மவன் என் வெரல ஒடிச்சவன்க்கா.”

“தெரியும். அதுக்குத்தான் கேக்கேன். ஒண்ணுந் தெரியாதவன அடிச்சிட்டுச் செத்தான்னு ஊரே சொல்லுது. ஒம் பேரு அவன் காலடியில கெடந்தா நீயே அவன மன்னிச்சிட்டன்னு ஆவும், அந்தப் பேச்சோட அவன அடக்க வேண்டாம்.”

என்னைக் கேட்காமல் ஒருவன் பக்கம் சேர்த்தார்கள். கேட்டு இன்னொருவன் பக்கம் சேர்க்கப் பார்க்கிறாள். முடியாது என்றேன். அது என் பெயர், அதை இனி எந்தப் பிணத்துக்குக் கீழேயும் போட மாட்டேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். மென்பொருளுக்குள் போய், ஏற்பாட்டை நிறுத்தி, படத்தை மறுபடி வெளியே எடுத்தேன். பழக்கமில்லாத கை, நேரமானது. அவள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

பெயர் இல்லாத படம் திரையில் வந்தது. அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

“யாரப் பாத்து இப்பிடிச் சிரிக்கான்?”

அன்று பேண்டுக்குக் குறுக்கே ஆடிக்கொண்டே நின்றவனை, ஏலே மாப்பிள்ளை நீயா அவனா, தள்ளி நில்லு என்று கேலி செய்து விரட்டியது நான்தான்.

“என்னப் பாத்துதான்” என்றேன்.

அவள் தன் போனை நீட்டினாள். நான் படத்தை அதற்கு அனுப்பினேன்.