நான் மாற்றிய நாலு வரி

அவள் வருவதற்கு முன்னர் பலெர்மோவில் எழுதுகிற தமிழ்ப் பெண் என்றால் அது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு ஆள் இருக்கவில்லை. ஊரில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த 2002இல், இஞ்சையிருந்த ஒரு அண்ணையும் நானும் சேர்ந்து பன்னிரண்டு பக்கத்தில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினோம். அவர் பிரான்காச்சோவிலிருந்து பஸ்ஸில் வருவார், பகலில் அலுவலகங்கள் துடைக்கிறவர், பத்திரிகைக்கு ஆசிரியர். எனக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டத் தெரியும். ஆகவே யார் எதை எழுதினாலும் அது என் விரல்களைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

இத்தாலியில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. வியாழனில் கால்சாப் பகுதியில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் கூடிப் பக்கங்களைத் தீர்மானிப்போம். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய, கோயில் படியில் நின்று பத்திரிகையைக் கொடுப்போம். முதற் பக்கத்தில் வலது ஓரமாக என் குறிப்பு வரும். மாதத்துக்கு நாலைந்து பேராவது "உங்கடை குறிப்பு வாசிச்சன், நல்லாயிருக்கு" என்பார்கள். யார் சொன்னது, யார் சொல்லவில்லை என்பதெல்லாம் எனக்கு நினைவில் இருக்கும்.

அடுத்த வருடம் அவள் வந்தாள். கணவன் முன்னரே இங்கே இருந்தான். அவள் ஊரில் ஒரு தினசரியில் நிருபராக இருந்தவள், என்னைவிட எட்டு வயது இளையவள், மெலிந்தவள், அதிகம் கதைக்காதவள். முதல் வியாழன் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஆசிரியரிடம், மலைக்கு நடக்கிற செய்தியைத் தான் எழுதட்டுமா என்று கேட்டாள். செப்டெம்பரில் இந்த ஊரின் காவற் புனிதையின் மலைக்கோயிலுக்கு எங்கள் சனம் கூட்டமாக நடந்து ஏறும். முந்திய வருடம் அதை எழுதியவள் நான். ஆசிரியர் என்னைப் பார்த்தார். பெருந்தன்மைக்காரிபோலத் தலையாட்டினேன்.

நான் எழுதியிருந்தால் "பக்தர்கள் திரளாகக் கலந்து சிறப்பித்தனர்" என்று எழுதியிருப்பேன். அவள் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் எழுதினாள். வெறுங்காலுடன் ஏறுகிற பெண். சட்டைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பெர்மெஸோ, இங்கே இருப்பதற்கான அனுமதிக் கடதாசி, காலாவதியாகி இரண்டு மாதம். உச்சியில் போய் அதை வெளியே எடுத்துப் புனிதைக்குக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறாள். அவ்வளவுதான் செய்தி. அந்தப் பக்கத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்ததை ஒரு வீட்டில் என் கண்ணால் கண்டேன். என் எழுத்தை ஒருவரும் எதிலும் ஒட்டியதில்லை. என் கணவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "எழுதுறதெண்டா இப்பிடியெல்லோ எழுதவேணும்" என்றார். சூதுவாது தெரியாத மனிதர். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை, மறந்துபோய் அல்ல.

எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு நல்ல சொல்லால் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய கையெழுத்துப் பிரதிகளைத் தட்டும்போது பிழை தேடினேன். ர, ற மாறுகிறதா, ஒற்று விடுபடுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆறு மாதத்துக்குள் முதற் பக்கம் அவளுக்குப் போனது. என் குறிப்பு பதினோராம் பக்கத்துக்கு, கத்தரிக்காய்ச் சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் போனது. இடம் போதாதென்று ஆசிரியர் சொன்னார். அவள் மட்டும் ஒன்றும் அறியாதவளாக, அக்கா அக்கா என்று எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டிருந்தாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

சாவுச் செய்திக்கு எங்கள் பத்திரிகையில் தனிச் சொற்கள் இருந்தன. இயக்கத்துப் பிள்ளை செத்தால் வீரச்சாவு. ஆமி கொன்றால் படுகொலை. இயக்கமே ஒருவரைச் சுட்டால் இனந்தெரியாதோர் சுட்டனர் என்று போடுவோம். அந்த இனந்தெரியாதோர் யாரென்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதுவும் வில்லங்கமென்றால் அகால மரணம். அதற்குள் மாரடைப்பு, விபத்து, துவக்குச்சூடு எல்லாம் அடங்கிவிடும். இப்படிச் சுடுவது பிழை என்று நானும் கணவரும் குசினிக்குள் நின்று கதைத்திருக்கிறோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததைக் கொள்கைக்காகச் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

2005இல் அவளுடைய தம்பியை ஊரில் சுட்டுவிட்டார்கள். காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவனைச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். இயக்கத்துக்குப் பிடிக்காத ஒரு கட்சிக்காரரோடு திரிந்தான் என்பதைத் தவிர வேறு குற்றம் இருக்கவில்லை. அடுத்த வியாழன் அவள் வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். கொப்பித் தாளில் எழுதிய நாலு வரியை மேசையில் வைத்தாள்.

"என் தம்பி பாண் வாங்கப் போனவன். சந்தியில் வைத்துச் சுட்டார்கள். சுட்டவர்களை ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

ஆசிரியர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இயக்கத்துக்காக இங்கே வேலை செய்கிற குழுவினர் இதைக் கண்டால் பத்திரிகையை நடத்த விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். மனிதர் பயந்தவர், மறுப்பார் என்று இருந்தேன். அவர் "போடுவம்" என்றார். நான் எழுதிய எதற்காகவும் அவர் இப்படித் துணிந்ததில்லை. நான் எழுதிய எதற்கும் துணிவு தேவைப்படவில்லை என்பது அப்போது எனக்குப் படவில்லை. இது பத்திரிகையை இரண்டாக உடைக்கும் என்றேன், ஊரில் பிள்ளைகள் களத்தில் நிற்கிறபோது நாங்கள் இங்கேயிருந்து காட்டிக்கொடுப்பதா என்றேன். எங்கிருந்துதான் அந்த வீரவசனம் எல்லாம் வந்ததோ. ஆசிரியர் கேட்டுவிட்டு, "பிள்ளை, அது அவளின்ரை தம்பி" என்றார்.

அவள் தாளை என் கையில் தந்தாள். "அக்கா, இதிலை ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ."

"ஓம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து தட்டினேன். "அன்னார் அகால மரணமடைந்தார் என்பதை ஆழ்ந்த துயருடன் அறியத் தருகிறோம்." நாலு வரியும் ஒரு வரியாகிவிட்டது. பத்திரிகையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தட்டி முடித்துத் திரையைப் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அவள் எழுதியது போய்விட்டது. இப்போது அது யாரும் எழுதக்கூடிய ஒன்று, நான் எழுதக்கூடிய ஒன்று. எழும்பிப் போய்ச் சோற்றை வடித்தேன்.

ஞாயிறு பூசை முடிய, அவள் படியில் நின்றே பத்திரிகையை விரித்தாள். வாசித்தாள். பிறகு என்னிடம் வந்தாள். அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை.

"என்ரை தம்பிக்குக் காய்ச்சலோ வந்தது, அக்கா?"

பத்திரிகையின் நன்மைக்காக என்று ஏதோ தொடங்கினேன். முடிக்கும்வரை நின்று கேட்டாள். அந்த மரியாதையையும் அவள் விடவில்லை. பிறகு பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவளுக்குப் பின்னால் ஆசிரியரும் போனார்.

அந்த மாதமே இருவருமாக இரண்டு பக்கத்தில் ஒரு தாள் தொடங்கினார்கள். வாசகரில் பாதிப் பேர் அவர்கள் பக்கம். கோயிலுக்குள்ளேயே இடப்பக்க வாங்கில் அவர்களின் ஆட்கள், வலப்பக்கத்தில் எங்களின் ஆட்கள் என்றானது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் குறுக்கே போய்க் கைகொடுக்க ஆளில்லை. குழுவினர் என் வீட்டுக்கு வந்து, பிளேன்டீ குடித்து, உறுதியான ஆள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். ஆசிரியர் கதிரை எனக்குக் கிடைத்தது. முதற் பக்கம் முழுதாகக் கிடைத்தது. அதை நிரப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் வேலை செய்த வீடு பொலிதேயாமாவில். வீட்டுக்காரி சின்யோராவின் கணவர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் இந்த நகரத்துப் பத்திரிகையொன்றில் இருந்தவராம். ஒருநாள் நான் சட்டைகளுக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருக்க, எங்கள் பத்திரிகை இரண்டாகப் போன கதையை, என் பங்கை மறைத்து, அவவுக்குச் சொன்னேன். அவ சிரித்தா. தன் கணவரும் எதிர் மேசைக்காரரும் பதினொரு வருடம் முகம் பார்த்துக் கதைத்ததில்லையாம். ஏதும் சொல்வதென்றால் துண்டுக் கடதாசியில் எழுதி வாசற்காவலாளியிடம் கொடுத்தனுப்புவார்களாம். ஒருவர் கட்சியோடு நின்றவர், மற்றவர் கட்சியை விட்டவர், அதுதான் சண்டை என்று ஊர் நம்பியதாம். சாகக் கிடந்த நேரத்தில்தான் கணவர் அவவிடம் உண்மையைச் சொன்னாராம். கட்சியுமில்லை, ஒன்றுமில்லை, அவன் என்னைவிட நன்றாக எழுதினான் என்று. சொல்லிவிட்டுச் சின்யோரா கொலரைப் பார்த்துத் தேய்க்கச் சொன்னா. நான் கொலரையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய தாளை ஒளித்து வாசித்தேன். வீட்டில் வைத்து வாசித்தால் கணவர் ஏதும் சொல்வார் என்று, சின்யோராவின் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு வாசிப்பேன். மாதத்துக்கு மாதம் அது நன்றாகிக்கொண்டே போனது. நான் அங்கே இருந்தபடியே அவளோடு மனதுக்குள் சண்டை பிடிப்பேன்.

2009 வந்தது. வன்னியில் சனம் சிறு துண்டு நிலத்துக்குள் நெருங்கிக் கிடந்த மாதங்கள். இளையோர் தாமாகவே களத்துக்குத் திரள்கிறார்கள் என்று என் முதற் பக்கத்தில் எழுதினேன். அப்படித்தான் குழுவினர் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். என் சொந்த அக்காவும் பிள்ளைகளும் அந்தத் துண்டு நிலத்துக்குள்தான் இருந்தார்கள். அக்காவின் மூத்தவளுக்குப் பதினேழு வயது. எனக்குப் பெறாமகள். சித்தி என்று கடிதம் எழுதும்போது ஓரத்தில் பூப் போடுகிறவள்.

அக்கா முகாமுக்கு வந்து சேர்ந்த பிறகு யாருடையதோ போனில் எடுத்தா. மூத்த பிள்ளை உயிரோடை இல்லை என்றா. நான் அழத் தொடங்க, அக்கா அதட்டினா.

"அழாமல் கேள். இயக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனவங்கள் எண்டு எழுது. நீ பேப்பர்காரி எல்லோ."

குழுவினர் அன்றைக்கே அறிந்து வந்துவிட்டார்கள். முழுப் பக்கம், வீரச்சாவு, படம் வேண்டும் என்றார்கள். படம் தேடித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டு ஒரு கடதாசியை எடுத்து எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. அதை என் பத்திரிகையில் போட எனக்குத் துணிவில்லை. நாலு வருடம் கதைக்காத ஒருத்தியின் வீட்டுக்கு, கால்சாவுக்கு, அந்த வியாழன் பின்னேரம் நடந்து போனேன்.

கதவைத் திறந்தாள். "வாங்கோ அக்கா" என்றாள். ஏன் வந்தாய் என்று கேட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பேன். தேத்தண்ணி வைத்தாள். கடதாசியை வாங்கி மேசையில் விரித்து, பேனையை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"இதைக் கொஞ்சம் மாத்தலாமோ, அக்கா?"

அவள் கேட்டாள். நான் கேட்காததை அவள் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன்.

முதல் வரியில் பேனை நின்றது. அப்போதுதான் நானும் பார்த்தேன். "அகால மரணமடைந்தாள்" என்று என் கை எழுதியிருந்தது. சத்தியமாக யோசித்து எழுதவில்லை, பழக்கத்தில் வந்திருக்கிறது. அவள் அதன்மேல் ஒரு கோடு போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, கொண்டுபோக வந்த நேரம் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தவள் என்று கேட்டாள். தலை முழுகிவிட்டு மயிர் காயவைத்துக்கொண்டிருந்தாளாம், அக்கா சொன்னா என்றேன். அதை நான் எழுதியிருக்கவில்லை. அது செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு அவர்களின் ஆள் ஒருவரிடம் தாளை வாங்கிப் படியில் நின்றே விரித்தேன். வலப்பக்கத்தார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வரி.

"பதினேழு வயது. தலை முழுகி மயிர் காயவைத்துக்கொண்டிருந்தவளை இழுத்துக்கொண்டு போனார்கள். தாய் பின்னால் ஓடினாள். உடலும் வரவில்லை."

படியிலேயே குந்திவிட்டேன். அவள் வந்து பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன், பிள்ளைக்காகத்தான் அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவிலும் அந்த நாலு வரியை மறுபடி வாசித்தேன். என் பிள்ளையைப் பற்றி நான் இப்படி எழுதவில்லையே என்று வயிறு எரிந்தது.