இரண்டு சர்வர், ஒரு தையல் ஹால்

ஷூ கம்பெனியில் வேகமாக ஓட வேண்டியது தையல் மெஷின்தான் என்று நாட்டில் பலர் நம்புகிறார்கள். ஆழ்ந்த வருத்தத்துடன் இதை மறுக்கிறேன். முதலில் ஓட வேண்டியது சர்வர் என்னும் மையக் கணினி. ஷூவின் வெட்டு வரைபடம் அதிலிருந்து கட்டிங் பிரிவுக்குப் போனால்தான் தோலில் கத்தி இறங்கும். குளிர்பதன அறையில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து இதைப் படிக்கும் சக சர்வர்க்காரர்களே, மீதியை உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

கெடு

ஆம்பூரில் எங்கள் கம்பெனியின் பழைய சர்வர் தள்ளாடத் தொடங்கியது. புதியதில் எந்த இயங்குதளம் போடுவது? என் உதவியாளர் ஸ்டெல்லா லினக்ஸ் என்றாள். நான் ஃப்ரீபிஎஸ்டி என்றேன். இரண்டும் இலவசம், இரண்டின் நிரலையும் எவரும் திறந்து படிக்கலாம். ஆகவே சண்டைக்கு மிக உகந்தவை. ஒரே மாதிரியான இரண்டு கணினிகளில் இரண்டையும் ஏற்றி, நெட்வொர்க் வேகத்தில் ஜெயிப்பதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா இதை வெளி ஆளுங்ககிட்ட குடுத்துட்டு, உங்க ரெண்டு பேரையும் லெதர் ஸ்டோருக்கு மாத்திடுவேன். அங்க ஆள் கம்மியா இருக்கு.”

பஸ் தத்துவம்

சர்வர் அறையிலிருந்து தையல் ஹால் வழியாகக் கட்டிங் பிரிவுக்கு இரண்டு கேபிள்கள் இழுத்தோம், ஆளுக்கு ஒன்று. வரைபடத்துக்காகக் காத்திருந்த கட்டிங் சூப்பர்வைசர் முனுசாமி, மாதனூர்க்காரர், என்ன சோதனை என்று விசாரித்தார். தகவல் துண்டு துண்டாகப் பிரிந்து, வரிசை எண்ணோடு பயணம் செய்து, மறுமுனையில் ஒன்றுசேரும் அற்புதத்தைக் கால் மணி நேரம் விளக்கினேன். இவ்வளவு நிம்மதியாக எவரும் என் பேச்சைக் கேட்டதில்லை. கடைசியில் சொன்னார்:

“எங்க ஊர்லேர்ந்து ரெண்டு கம்பெனி பஸ் வருது சார். புதுசு குறுக்கு ரோட்டுல வந்து லேட்டாவுது, பழசு ஹைவேல முன்னாடி வந்துடுது. அதுக்குப் பஸ்ஸ இன்னா சார் பண்றது?”

உவமை பொருந்தவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

அவுட்டரில் நின்ற வண்டி

செவ்வாய்க்கிழமை முதல் ஓட்டம். திரையில் எண்கள் ஏற ஏற எனக்குக் காது சூடானது. லினக்ஸ் வினாடிக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் மெகாபிட். ஃப்ரீபிஎஸ்டி தொண்ணூற்றுச் சொச்சம். மறுபடி ஓட்டினோம், அதே கதை. சரியாகப் பத்தில் ஒரு பங்கு வந்தால், கொஞ்சம் படித்தவன் உடனே கேபிளைப் பார்த்திருப்பான். நான் நிறையப் படித்தவன், கையேட்டைப் பார்த்தேன். மூன்று நாள் ஒவ்வொரு அமைப்பாக மாற்றினேன். எண் அசையவில்லை. லெதர் ஸ்டோர் வாடை இப்போதே என் சட்டையில் வீசுவது போலிருந்தது. ஸ்டெல்லா ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பத்துப் பெண். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“சார், உங்க வண்டி ஸ்டேஷனுக்குள்ள வராம அவுட்டர்லயே நிக்குது. எங்கப்பாகிட்ட சொல்லி சிக்னல் போடச் சொல்லவா?”

ஏற்றுமதித் தரம்

வெள்ளிக்கிழமை மேசையைத் துடைத்த ஸ்டெல்லா, கேபிள்களைக் கழற்றி இடம் மாற்றிச் செருகிவிட்டாள். அடுத்த ஓட்டத்தில் என் ஃப்ரீபிஎஸ்டி தொள்ளாயிரத்தைத் தாண்டிப் பாய்ந்தது! லினக்ஸ் தொண்ணூறில் படுத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முனுசாமியின் குறுக்கு ரோடு ஒரே நேரத்தில் இருவர் நினைவுக்கும் வந்தது. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே ஓடினோம், கம்பளிச் சட்டையோடு.

தையல் ஹாலில், ஷூ தைக்கும் கோகிலா அக்காவின் மேசையருகே, கேபிள் பழுப்புத் தோலுறைக்குள் நுழைந்தது. நான்கடி நீளம், இரட்டைத் தையல், ஒரு நூல் பிசிறில்லை. உள்ளே எட்டுக் கம்பிகளில் ஒன்றை ஊசி அறுத்திருந்தது. அப்படி அறுந்தால் இணைப்பு சாகாது, நொண்டும். பக்கத்துக் கேபிளை ஏன் விட்டீர்கள் என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

“எல்லாரும் மிதிக்கறாங்களேன்னு எக்ஸ்போர்ட் குவாலிட்டில தெச்சேன் சார். வேஸ்ட் தோல் ஒண்ணுக்குத்தான் பத்துச்சு. இன்னும் கொஞ்சம் குடுத்தா அதையும் முடிச்சிடறேன்.”

தீர்ப்பு

புதுக் கேபிள் போட்டுச் சனிக்கிழமை காலை கடைசி ஓட்டம். முனுசாமி, கோகிலா அக்கா உட்பட நால்வரும் திரை முன் நின்றோம். எங்கள் வேலைக்கு இரண்டும் ஒன்றேதான். ஒன்றை ஒன்று முந்திய அளவை நான் மட்டுமே மதித்தேன். மேனேஜரிடம் உண்மையைச் சொன்னோம். கேபிள் சமாசாரத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ரெண்டும் ஒண்ணுன்னா இன்னாத்துக்கு பேஜார்? ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு ஸ்டாண்ட்-பை. ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க.”

ஒரு வாரம் இரண்டு இயங்குதளங்களை ஒப்பிட்டதில் நாங்கள் கண்டுபிடித்தது கோகிலா அக்காவின் தையலைத்தான். லெதர் ஸ்டோருக்கு மாற்றலாகிப் போனது தோலுறை போட்ட அந்தப் பழைய கேபிள் மட்டுமே, ஏற்றுமதித் தையலுக்கு மாதிரி என்று எண் போட்டு அதை ரேக்கில் வைத்திருக்கிறார்கள்.