நாலு தலை வாடகை

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு ஓனர் வாடகையைத் தலைக்கணக்கில் வாங்குகிறவர். நாலு தலை வரை ஒரு வாடகை. ஐந்தாவது தலை முளைத்தால் தண்ணீருக்கு, மோட்டாருக்கு, மாடிப்படி தேய்வதற்கு என்று தனியாக ஒரு தொகை. மாடிப்படிக்கு! கால் வைத்தால் தேய்கிற படியை எந்தக் கொத்தன் கட்டினானோ.

நான், கணவர், இரண்டு பிள்ளைகள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. போன ஆடியில் அம்மா வந்து சேர்ந்தாள். காசிமேட்டில் ஒண்டி அறை எடுத்து, மீன் விற்றுத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டவள். அந்த அறையின் வாடகை அவள் கூடைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பெற்றவளை வைத்துக்கொள்ள எவனுக்கோ தண்டம் அழ வேண்டுமா என்று எனக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய? கணவர் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். நடைக்குத்தான் காசு, வரிசையில் காத்து நிற்கும் நாளுக்குக் கிடையாது. என் சம்பளம் கேஸுக்கும் பள்ளிக்கூட வேனுக்குமே போதாது.

அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் ஓனர் மோட்டார் போட வரும் சத்தம் கேட்டால், கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே படியில் உட்கார்ந்துவிடுவாள். கூடை காலியாக இருந்தாலும் மேலே ஈரச் சாக்கு மூடியிருக்கும். "சங்கரா மீனு வோணுமாம்மா?" என்று என்னையே கேட்பாள். நானும் பேரம் பேச வேண்டும். என்ன கண்றாவி! மற்ற குடித்தனக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. எதிர் வீட்டுக்காரரின் தம்பி 'ஆஸ்பத்திரிக்கு வந்தவன்' என்ற பெயரில் ஒரு வருஷமாக இருக்கிறான். மேல் வீட்டு மாமியார் எப்போது கேட்டாலும் நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்.

போன மாதம் ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். எத்தனை பேர், என்ன வருமானம், எதற்கு எவ்வளவு செலவு என்று கேட்டுக் கேட்டுப் போனில் தட்டினாள். ஓனரே அவளை வீடு வீடாக அழைத்து வந்தார். பெரிய உபகாரி! எந்த வீட்டில் எத்தனை தலை என்று ஓசியில் தெரிந்துகொள்ளத்தான்.

"பொழுதுபோக்குக்கு மாசம் எவ்வளவும்மா ஆகும்?"

"காயப்போட்ட துணில கம்பெனி கரி வுழுறத வேடிக்கை பாப்போம். அதுக்கு இன்னும் துட்டு கேக்கல" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. "வீட்ல மொத்தம் எத்தனை பேர்?"

"நாலு பேரும்மா" என்று, எங்கள் தலைக்கணக்கு மட்டும் தனக்குத் தெரியும் என்பதுபோல் ஓனர் முந்திக்கொண்டார். பிறகு படியில் இருந்த அம்மாவைப் பார்த்து, "ஏ மீன்காரம்மா, இன்னா இங்க குந்திகினு? படியெல்லாம் கலீஜ் ஆவுது. எய்ந்துரு" என்றார்.

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "தோ போறேன் நைனா" என்றாள். அந்த 'நைனா' என் காதில் விழுந்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"அஞ்சு பேரு, அஞ்சுன்னு போட்டுக்கோம்மா. இது எங்கம்மா. இந்த வூட்லதான் துன்னுது, இங்கதான் தூங்குது. படி இன்னா கலீஜு? நீ வாங்குற வாடகைதான்யா கலீஜு!"

எதிர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்து, உடனே மூடிக்கொண்டது. ஓனர் கத்தவில்லை. "அடுத்த மாசம் காலி பண்ணிடும்மா" என்றார். அந்தப் பெண் ஐந்து என்று தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அம்மா என்னைத்தான் திட்டினாள். "வாய வச்சிக்கினு சும்மா கெடக்க மாட்டியா? நாலுன்னா நான் இன்னா செத்தா பூடுவேன்?" இரண்டு நாள் பாத்திரங்களை நங் நங்கென்று வைத்தேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம்.

வடக்கே போனால் வாடகை குறையும் என்றார்கள். அத்திப்பட்டில் ஒரு வீடு பார்க்க அம்மாவும் நானும் போனோம். கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தாள். வாடகையைச் சொல்லவில்லை. "மொத்தம் எத்தினி பேரு?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

"அவுங்க நாலு பேருதாம்மா. நான் மீன் விக்க வந்தவ."

அன்று அவள் கையில் கூடைகூட இல்லை.