மிஸ் திருத்திய அம்மா

மகள் மூன்றாவது படித்த ஆங்கிலப் பள்ளியில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பிள்ளை வீட்டில் என்ன செய்தது என்று பெற்றோர் தினமும் டைரியில் நாலு வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் சிங்காரப்பேட்டையில் தமிழில் பன்னிரண்டாவது முடித்து, ஓசூர் சிப்காட்டில் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். என் வீட்டுக்காரருக்குப் பேனாவைப் பார்த்தாலே கொட்டாவி வரும். அதனால் அந்த நாலு வரி என் தலையில் விழுந்தது.

முதல் நாள் எழுதியது முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. மகளுடைய பாடத்தை அல்ல, என்னுடைய வரிகளை மிஸ் திருத்தியிருந்தார். சரியாக மூன்று முறை எழுதி அனுப்பவும் என்று கீழே கட்டளை வேறு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் எழுதினேன். ஓசியில் டியூஷன் கிடைக்கிறது, விடுவானேன்?

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அன்றைய வரிகளை மனசுக்குள் கோத்துப் பார்ப்பேன். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு சாயங்காலம் மகள் சொன்னாள்.

"நீ எழுதறத மிஸ் கிளாஸ்ல படிச்சிக் காட்டறாங்கம்மா. இப்படி எழுதக் கூடாதுன்னு சொல்வாங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

"நீ?"

"நானும்தான்."

மறுநாளே போய்க் கேட்டேன். "உங்க நல்லதுக்குத்தானே மேடம்" என்றார் மிஸ். அவர் கன்னடக்காரர். அவருடைய தமிழுக்கு நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சிரித்திருக்கலாம். சிரிக்காமல் வந்தேனே என்று இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

அதன் பிறகு வெறி பிடித்து எழுதினேன். ஒரு வரியை நாலு விதமாக எழுதிப் பார்த்து, செல்போனில் தேடி, சரி என்று தெரிந்த பிறகே டைரியைத் தொட்டேன். என் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு நாள் டைரி சிவப்பே இல்லாமல் வந்தது. வெரி குட் என்று எழுதியிருந்தார். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு. மகளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"மிஸ் என்னடி சொன்னாங்க?"

"யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"மாடி வீட்டு ஆண்ட்டின்னு சொன்னேன்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவள் பயப்படவில்லை.

"இன்னிக்கித்தாம்மா யாருமே சிரிக்கல. தினமும் அந்த ஆண்ட்டின்னே சொல்லட்டுமா?"

சொல்லிக்கோ என்றேன். அவள் நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.